பொறுன்னு சொன்னவ

அன்பு மக கிருஷாந்திக்கு,

அம்மா எழுதிக்கிறது. நானும் அப்பாவும் ஏதோ இருக்கோம், அந்த குவைத்து வெயில்ல நீ நேரத்துக்கு சாப்பிட்டு சொகமா இருந்தா அதுவே போதும். போன்ல பேசினா இந்த லயத்து வரிசை வீட்டுல பக்கத்து காம்பராவுக்கெல்லாம் கேட்டுரும், அதான் லீவு முடிஞ்சு அங்க திரும்புற ராக்காயி மக கையில இத குடுத்து விடுறேன். இங்க வட்டவளையில ரெண்டு வாரமா விடாத மழை, அப்பாவுக்கு முட்டி வலி கூடிப் போச்சு.

நீ கேட்ட விஷயத்துக்கு வாறேன். போன திங்கக்கிழம ஹட்டன்ல லோயரம்மாவ பாத்தேன். உனக்கு பதினோரு வயசுல கணக்கப்பிள்ளை செல்லசாமி தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல வச்சு செஞ்ச அக்கிரமத்த ஒண்ணு விடாம சொன்னேன். அவங்க தேதிய எண்ணிப் பாத்துட்டு, இருபது வருஷம் தாண்டிருச்சு, நாலு மாசம் பிந்திட்டீங்க, இனிமே கேஸ் போட ஏலாதுன்னாங்க. கொலைக்கு கெடு இல்லையாம், பச்சப்புள்ளைய நாசம் பண்ணினதுக்கு கெடு உண்டாம். நல்லா இருக்கு சட்டம். ஆனா அந்த நாலு மாசமும் என்னாலதான் போச்சு. அன்னைக்கு நீ அழுதுகிட்டு வந்தப்ப, அவன் பேரு போட்டாத்தான் நமக்கு சம்பளம்னு உன் வாய பொத்தினேன். போன தடவ லீவுல வந்து போலீசுக்கு போவோம்னு நீ ஒத்தக் கால்ல நின்னப்ப, தங்கச்சி கல்யாணம் முடியட்டும், பொறு, பொறுத்தார் பூமி ஆள்வார்னு ஞாயம் பேசினேன். கல்யாணம் முடிஞ்சுச்சு. பூமிய ஆளுறது அவன்தான். இப்ப கோயில் தலைவரு, இந்த வருஷத் திருவிழாவுல பரிவட்டம் கட்டிக்கிட்டு கரகத்துக்கு முன்னுக்கு நடந்தான். நானும் பாத்துக்கிட்டுதான் நின்னேன்.

இந்தக் கெடுவ எடுத்துப் போடணும்னு கையெழுத்து வாங்க ஹட்டன்லருந்து பொம்பளைங்க கொஞ்சப் பேரு வந்தாங்க. எதுக்கு பழசக் கிண்டிக்கிட்டுன்னு நம்ம ஆளுங்க ஒதுங்கினாங்க. பழசாம், அது என்ன பழைய சோறா? நான்தான் முதல் ஆளா போட்டேன். சட்டம் மாறினாலும் உன் கேசுக்கு உதவுமான்னு தெரியாதாம். இன்னொருத்தி புள்ளைக்காவது உதவட்டும். உன்ன கேக்காம தங்கச்சி வினோதாகிட்டயும் உள்ளத சொல்லிட்டேன், தப்புதான். என் கல்யாணத்துக்காகவா அக்காவ காக்க வச்சீங்கன்னு கேட்டுட்டு கொத்மலைக்கு புருஷன் வீட்டுக்கு பஸ் ஏறினவ, அதுக்கப்புறம் என்னோட பேசல.

நீயும் திட்டணும்னா திட்டு மகளே, வாங்கிக்கிறேன். பார்சல்ல கொத்தமல்லி வச்சிருக்கேன், இருமலுக்கு கொதிக்க வச்சு குடி. மாரியாத்தா உனக்கு துணையா இருப்பா. கடுதாசி முடிவுல எப்பவும் பொறுமையா இருன்னு எழுதுவேன். இனிமே அத எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா வேலாயி