சாலோமியை ஆறு தாண்டிக் கொண்டுவந்தது

பாளையங்கோட்டை,
1913 ஆகஸ்டு 19.

ரங்கூனிலிருக்கும் மகன் ஞானசிகாமணிக்குத் தாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் சுகமாய்த்தான் இருப்பாய், தந்தியில் அதிகாரம் பண்ணத் தெம்பிருக்கிறதே. உன் மனைவி சாலோமி உயிரோடிருக்கிறாள். உன் தந்திக்கு நான் கீழ்ப்படிந்திருந்தால் வேறு மாதிரி எழுதவேண்டியிருக்கும்.

திருநெல்வேலியில் தகப்பன் வீட்டில் மசக்கையாயிருந்தவளுக்கு வலது அடிவயிற்றில் வலி. உன் மாமனார் சுவிசேஷமுத்து அழைத்துவந்த வைத்தியர் சோதித்துவிட்டு, பிள்ளை கர்ப்பப்பையில்தான் இருக்கிறது, இது வாயு என்று கஷாயம் கொடுத்தார். ஒன்று பைக்குள் இருந்தால் இன்னொன்று கருக்குழாயில் தங்கக்கூடாதா என்று கேட்டேன். ஒருத்தி வயித்துல ரெண்டு எடத்துலயா பிள்ளை இருக்கும், டாக்டரம்மா கனக்கப் படிச்சிட்டாங்க என்று சிரித்தார். நானும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை, வாசித்ததுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் மயங்கி விழுந்தாள், உதடு வெளுத்து, நாடி நூலாகி, தோள்பட்டை வலிக்கிறதென்றாள். வாயுவுக்கு உதடு வெளுக்காது. வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது, அக்கரையில் பாளையங்கோட்டையிலிருக்கிற என் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றேன். வயித்துப்பிள்ளைக்காரி ஆத்தைத் தாண்டுத வழக்கம் எங்க குடும்பத்துல இல்லை என்றார் உன் மாமனார். பாலம் இருக்கிறதே என்றேன். பாலத்துக்குக் கீழ ஆறுதானே ஓடுது என்றார். வேதம் வாசிக்கிற வீடு! அந்த நேரத்தில், அவர் முன்னமே உனக்கு அடித்திருந்த தந்திக்குப் பதிலாய் உன் தந்தி வந்தது, மாமா சொற்படி நடக்கவும், கத்தி கூடாது என்று. அதைச் சாலோமிக்கும் வாசித்துக் காட்டினேன், அவளுடைய உடம்பல்லவா. என்னைக் கூட்டிட்டுப் போங்க அத்தை என்றாள். வண்டி பூட்டச் சொன்னேன்.

குளோரோபாரம் கொடுத்து நானே வயிற்றைத் திறந்தேன். உள்ளே இரத்தம் தேங்கிக் கிடந்தது. வலது குழாய் வெடித்திருந்தது, அதைக் கட்டி அறுத்தெடுத்தேன். கர்ப்பப்பையும் பெருத்துத்தான் இருந்தது. வைத்தியர் கண்டதில் பிழையில்லை, கண்டதோடு நின்றதுதான் பிழை. பையைத் தொடாமல் மூடினேன். அது சுருங்காதிருக்க அபின் மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறேன். இதுவரை உதிரப்போக்கில்லை. அந்தப் பிள்ளை தங்குமென்று வாக்குக் கொடுக்கமாட்டேன், உன் மாமனாரைப்போல எனக்கு எல்லாம் நிச்சயமாய்த் தெரியாது.

நேற்று அவர் மகளைத் திருப்பிக் கொண்டுபோக வில்வண்டியோடு வந்தார். ஆத்தைத் தாண்டினா பிள்ளைக்கு ஆகாதுல்லா அப்பா, நான் இங்கனயே இருக்கேன் என்றாள். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அங்கே மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி. எனக்குச் சமாதானம் எழுதவேண்டாம், அவளுக்கு எழுது. இன்னது செய்யென்று எழுதாதே. எப்படி இருக்கிறாய் என்று கேள், அதை நீ இன்னும் கேட்கவில்லை. கர்த்தர் உன்னைக் காப்பாராக. என் ஆசீர்வாதத்தை அவள் உனக்குப் பதில் எழுதின பிறகு அனுப்புகிறேன்.

உன் தாய்,
ஏசுவடியாள்.