தையற்காரனுக்கு ஒரு ஊசி

என் அருமைச் சுண்டெலிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை, நிஜமான நலம், ஏனென்றால் இன்று காலை பத்தேகாலுக்கு எனக்கு எலும்பு ஊசி போட்டாயிற்று! நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே? போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து திட்டுவாய், கடிதம் என்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் திட்ட முடியும்.

திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. எலும்புப்புரைக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்த ஊசி இந்தத் தடவை இருபத்தாறு நாள் தள்ளிப்போய்விட்டது, உன்னிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. ஒரு மாசத்துக்கு மேல தள்ளவே கூடாது, போட்ட மருந்தோட பலன் மளமளன்னு இறங்கிடும், முதுகெலும்பு நொறுங்கினாலும் நொறுங்கும், அதுக்குள்ள ஊசி கிடைக்கலேன்னா வேற மருந்துக்கு மாத்திடலாம், சும்மா மட்டும் இருந்திடாதீங்க என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நான் தும்மினால்கூட உன் அம்மா ஓடிவந்து முதுகைத் தடவிப் பார்த்தாள், கடையில் இஸ்திரிப் பெட்டியைத் தொடவிடவில்லை.

எல்லாம் காப்பீட்டால் வந்த வினை. அம்மாவின் ஆபீசில் எங்கள் காப்பீட்டுக் கம்பெனியை மாற்றிவிட்டார்கள், புதுக் கம்பெனியில் எலும்பு மருந்துக்கென்று தனிப் படிவம், அதில் ஒன்பதாவது கேள்வி மாதவிடாய் நின்ற தேதி. மகளுக்கு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய, கதையே அங்கேதான் இருக்கிறது. காலியாக விட்டேன், பூர்த்தியாகவில்லை என்று திரும்பி வந்தது. கோடு போட்டு அனுப்பினேன், செல்லாது என்று திரும்பி வந்தது. மூன்றாவது கேள்வியில் ஆண் என்று டிக் அடித்திருக்கிறேன், அதைப் பார்க்க அங்கே ஒரு ஜீவன் இல்லை! போன் செய்தால் மிஷின் பேசுகிறது, பிறகு பாட்டுப் போடுகிறது, அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

மூன்றாம் தடவை அம்மா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, தேதி போடுகிற இடத்தில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். மறுநாளே போன்! ஒரு பெண், சிரிப்பை அடக்கி அடக்கி, சார், நீங்க ஆம்பளையா என்று கேட்டாள். அறுபத்தேழு வருஷமா அப்படித்தாம்மா என்றேன். பாவம், அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு, டாக்டர் சீட்டை வாங்கிக்கொண்டு அன்று மாலையே அனுமதி அனுப்பிவிட்டாள், தங்கமான பெண். அடுத்த முறை ரெண்டு மாசம் முன்னாடியே பேப்பரை அனுப்பிடுங்க, நேரா என்கிட்டயே பேசுங்க என்று தன் நம்பரும் கொடுத்தாள். அம்மா காலண்டரில் வட்டம் போட்டாயிற்று, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு கவரில் வைத்தாயிற்று.

உன் உடம்பில் இருப்பதும் என் எலும்புதான் என்பதை மறக்காதே. பால் குடி, வெயிலில் நட, நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் பிள்ளையார் மாதிரி உட்காராதே, அடுத்த முறை டாக்டரிடம் போனால் அப்பாவுக்கு இப்படி என்று சொல்லிவை. மூவரும் நூறு வருஷம் நிமிர்ந்து நடக்க எங்கள் ஆசி.

இன்னொன்று. போன வாரம் வீடியோவில் என் பேண்டின் கீழ்மடிப்பில் வெள்ளை நூலைப் பார்த்து, ஊருக்கெல்லாம் தைக்கிற மனுஷன் ஓட்டுத்தையலோட திரியறாரே என்று கேலி செய்தாயே, புது ஃபேஷன் என்று சமாளித்தேன். போன வருஷம் முதுகெலும்பில் விரிசல் விட்டபோது ஒன்றரை அங்குலம் குறைந்து, எல்லாப் பேண்டையும் வெட்டித் தைத்தேன். இந்தத் தடவை இன்னும் எவ்வளவு குறைவேனோ என்று தெரியாமல்தான் புதிதாகத் தைத்த நான்கையும், சுலபமாகப் பிரிக்கிற மாதிரி, கையால் ஓட்டி மட்டும் விட்டிருந்தேன், பயமாகத்தான் இருந்தது கண்ணு. இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மா என்னைச் சுவரோடு நிறுத்தி டேப்பால் அளந்தாள். இம்மியும் குறையவில்லை. நான்கு பேண்டையும் மிஷினில் போட்டுத் தைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அதே உயரமுள்ள உன் அப்பா