காயாத சோப்பு

அன்புள்ள அப்பாவுக்கு உங்கள் மகள் வணங்கி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? வீம்புக்குத் தைலம் தேய்க்காமல் இருக்காதீர்கள்.

பெரிய கடைக்காரரை நான் திருப்பி அனுப்பியதை உங்கள் மாப்பிள்ளை போனில் சொல்லியிருப்பார். நான் வீட்டில் செய்யும் சோப்பு முழுவதையும் அவரே வாங்கிக்கொள்வாராம், ஆனால் இந்த வாரமே வேண்டுமாம். "மழை ஈரத்துல இன்னும் காயலைங்க. இப்பக் குடுத்தா கையைப் பதம் பார்த்துடும்" என்றேன்.

"காகிதம் சுத்திட்டா யாரும்மா பார்க்கப் போறாங்க?"

"மேல ஒருத்தன் பார்த்துக்கிட்டுதான் இருக்கான்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். "வீடு தேடி வந்த லட்சுமியை விரட்டிட்டியே" என்று உங்கள் மாப்பிள்ளை இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

வழக்கமாக என் சோப்பை விற்கும் தெருமுனைக் கடை அக்காவிடமும் தாமதமாகும் என்று சொல்லிவிட்டேன். "காயட்டும்டி. உன் தட்டுல வேற சோப்பை அடுக்க மாட்டேன்" என்றார். இன்று எட்டிப் பார்த்தேன். நிறைந்து வழியும் அந்தக் கடையில் என் தட்டு மட்டும் காலியாக இருந்தது. வரவு செலவு எழுதுகிறவள் நான். அந்தக் காலித் தட்டு எவ்வளவு பெரிய வரவு என்று எனக்குத் தெரியும். நீங்களும் திட்டுவீர்கள். திட்டுங்கள், என் முடிவு மாறாது. வீம்பு யாரிடமிருந்து வந்ததாம்?

சோப்பை மூடி வைக்க உங்கள் பழைய துண்டு இரண்டு அனுப்புங்கள். துவைக்காமலே அனுப்புங்கள், இங்கே சோப்புக்கா பஞ்சம்? அடுப்பில் எண்ணெய் காய்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்