தண்ணிக்காரனின் நாற்பது நாள்

செவ்வாய், மார்ச் 4, 2025. மாலை 6:17. பூஜ்யம் – ஒன்பது.

ஒன்பது தடவை செத்தேன். ஒரு தடவைகூட அவனைக் கொல்லவில்லை. வால்மோரா என்ற இணைய விளையாட்டின் கல்வட்டத்தில், எங்கள் பனிக்கழுகுக் கூட்டணியின் நாற்பத்தோரு பேரும் பார்த்துக்கொண்டிருக்க. கார்னிவல் விடுமுறை. அதனால் ஒருத்தன் விடாமல் வந்திருந்தான்.

ஏழாவது சாவின்போது அம்மா பீர் பாட்டிலோடு அறைக்குள் வந்தாள். கார்னிவல் வழக்கப்படி வீட்டுக்கும் அடுப்புக்கும் தெளித்தாயிற்று, மிச்சம் என் கணினிதானாம். "இதுக்கும் ரெண்டு சொட்டு விட்டாத்தாண்டா பூமித்தாய் சோறு போடுவா." கத்தி அவளை வெளியே அனுப்பினேன். அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

ஐவர் அணியில் என் இடம் போனது. மே 10ஆம் தேதி கொச்சபம்பாவில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு என்னை ஜெயித்த லிம்பெர்ட் போவான். நான் போகமாட்டேன்.

மார்ச் 5, புதன்

தலைவலி. குடிக்கவில்லை, இருந்தும் தலைவலி.

விதி இதுதான்: ஐவரில் யாரை வேண்டுமானாலும் எவனும் சவாலுக்கு இழுக்கலாம். முதலில் ஒன்பது கொலை எடுப்பவனுக்கு இடம். தோற்றவன் நாற்பது நாள் ஜெயித்தவனுக்குத் தண்ணிக்காரன் – ஒவ்வொரு போருக்கும் அவனுடைய மருந்தும் அம்பும் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கவேண்டும். நாற்பது நாள் கழிந்தால் திருப்பிச் சவால் விடலாம்.

இந்த விதியை எழுதியவன் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால், சிரித்துக்கொண்டே எழுதினேன்.

தோற்றது வலிக்கவில்லை. சரி, வலிக்கிறது. ஆனால் எப்படித் தோற்றேன் என்பதுதான் தூங்கவிடவில்லை. லிம்பெர்ட்டுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்ததே நான். தொழிற்பயிற்சிக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. போன டிசம்பரில் பயிற்சியின்போது அவனிடம் சொன்னேன்: "மச்சான், ரெண்டு தடவை மயக்கம் விழுந்துட்டா நான் யோசிக்காம வலது பக்கம் ஓடிடுறேன், இதை மாத்தணும்." நண்பனிடம் சொல்கிற மாதிரி சொன்னேன். நேற்று ஒன்பது தடவையும் இரண்டு மயக்கம் போட்டுவிட்டு, வலது பக்கத் தூணுக்குப் பின்னால் போய்க் காத்திருந்தான்.

கடைசியில் என் பிணத்துமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றான். விளையாட்டில் அப்படி ஒரு கட்டளை இருக்கிறது. யாரும் பயன்படுத்துவதில்லை.

மார்ச் 6

என் பெயருக்குப் பக்கத்தில் நீல எழுத்தில் 'தண்ணிக்காரன்' வந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்பது சாவையும் பதிவிலிருந்து எடுத்து, படம் படமாக நிறுத்திப் பார்த்தேன். ஐந்து மணி நேரம்.

வலது பக்கம் ஓடியது ஒன்பதில் ஒன்பது. தெரிந்ததுதான். மயக்கத்தை உடைக்கும் மந்திரத்தை முதல் மயக்கத்திலேயே வீணாக்கியது – எட்டு. அவன் கோடரியை ஓங்கும்போது கேடயத்தைத் தப்பான நேரத்தில் தூக்கியது – இருபத்திரண்டு அடியில் பதினாறு. கேடயம் மேலே நிற்பது கால் நொடி. அதற்குள் அடி விழவேண்டும். முன்னால் தூக்கினால் இறங்கிவிடும், பின்னால் தூக்கினால் தலை போய்விடும்.

இது மூளைக் கோளாறு இல்லை, விரல் கோளாறு. விரலைச் சரிசெய்யலாம். இணைய இணைப்பு போடும் வேலையில் தினமும் அளக்கிறேனே, இதையும் அளப்பேன்.

மார்ச் 12

விசைகளை மாற்றிவிட்டேன். கேடயம் இனி கட்டைவிரலில். உடைப்பு மந்திரம் கைக்கு எட்டாத மூலையில் – வேண்டுமென்றே. பதற்றத்தில் தொடக்கூடாது.

தினமும் ஐந்தரையிலிருந்து ஏழு வரை, விளையாட்டுக்குள் நிற்கும் வடக்குவாயில் காவலன்மேல் பயிற்சி. அவன் அடியும் கோடரி அடிதான். இன்று நூறு அடியில் தடுத்தது 41.

மார்ச் 16

தண்ணி தூக்கினேன். பாலைக்கோட்டை முற்றுகை. அவன் பின்னாலேயே பதினெட்டு மருந்துக்குடுவையோடு நடந்தேன்.

"டேய் தண்ணி, சிவப்பு குடு. சிவப்புடா! கண்ணு தெரியலயா?"

"உன் கைக்கு எட்டுறாப்லதான் வெச்சிருக்கேன்."

"கேட்டியா நில்டா, தண்ணிக்குக் கோவம் வருது. வலது பக்கமா ஓடிடப் போறான், பிடி!"

நாற்பது பேர் சிரித்தார்கள். தலைவி நில்டா மட்டும் சிரிக்கவில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவள், அவளுக்கு யார் சத்தமும் ஆகாது. "ரெண்டு பேரும் வாயை மூடுங்கடா. சுவர் இன்னும் நிக்குது," என்றாள்.

அவன் மினிபஸ் ஓட்டுகிறவன். எங்கள் எல் ஆல்ட்டோவிலிருந்து லா பாஸுக்கு இறங்கும் சரிவில் தினம் எட்டு நடை. கத்திக் கத்தி ஆள் ஏற்றுகிற தொண்டை. அந்தத் தொண்டையிலிருந்து 'தோத்துட்டேன்' என்று ஒரு தடவை கேட்கவேண்டும். அது போதும். இல்லை, போதாது. நாற்பத்தோரு பேர் முன்னால் கேட்கவேண்டும்.

காவலன்: 58.

மார்ச் 23, ஞாயிறு. கடல் தினம்

தெருவில் பள்ளிக்கூட பாண்டு வாத்தியம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் நாட்டிடமிருந்து சிலி பறித்துக்கொண்ட கடலுக்கு அழுகிறோம்.

கூட்டணியில் ஒருத்தன்: "நமக்குக் கடல் இருந்திருந்தா கேபிள் நேரா வீட்டுக்கு வந்திருக்கும். பிங் இருநூறு ஆகறதுக்கும் சிலிக்காரன்தான் காரணம்." எல்லாத் தோல்விக்கும் எங்களிடம் ஒரு சிலிக்காரன் இருக்கிறான்.

என் வீட்டில் அளந்தேன்: 214 மில்லிநொடி. அதாவது விசையை அழுத்தியது விளையாட்டின் சர்வருக்குப் போய்த் திரும்பி வர, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அவன் கை ஓங்குவதை நான் பார்க்கும்போது அது ஏற்கெனவே பழைய செய்தி. அதனால் பார்த்து அழுத்தக்கூடாது. தோள் அசைந்ததுமே, ஊகித்து, முன்னால் அழுத்தவேண்டும். அவனுக்கும் 208, 210 இருக்கும். இந்த ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான்.

காவலன்: 74. இடது பக்கம் ஓடப் பழகிவிட்டேன். கனவில்கூட இடது பக்கம்.

மார்ச் 30

83.

வருகிறேன்டா, லிம்பெர்ட்.

ஏப்ரல் 7, திங்கள்

நாளைய வேலைப் பட்டியலில் நான்காவது: ரியோ செக்கோ, மூன்றாம் தெரு, கண்ணாடி இழை இணைப்பு. வீட்டுக்காரர் பெயர் – லிம்பெர்ட்.

எலோய் அண்ணன்தான் வண்டி ஓட்டுபவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பழைய காதலி வீடா?" என்றார்.

"அதைவிட மோசம்ணே."

இழையை விரலைச் சுற்றுகிற அளவுக்கு மடக்கிப் பெட்டிக்குள் வைத்தால் போதும். வெளியே ஒன்றும் தெரியாது. மழை நாளில் விட்டு விட்டு அறும். ஞாயிற்றுக்கிழமை நாற்பது நாள் முடிகிறது, அன்றே திருப்பிச் சண்டை. செய்யலாமா?

செய்யலாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

செய்யவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. பெட்டியை மூடும்போது உள்ளே என் பணியாளர் எண்ணை எழுதவேண்டும். என் எண் இருக்கும் பெட்டியில் மடங்கிய இழை கிடக்காது. அவ்வளவுதான். ஏழு வருஷமாக வேலை பார்ப்பதிலேயே சுத்தமான இணைப்பு அது. எலோய் அண்ணனே பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கு," என்றார்.

லிம்பெர்ட் மதியம் சாப்பிட வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கதவிலேயே நின்றான்.

"தண்ணி! நெஜமாவே வீட்டுக்கு வந்துட்டியா?"

"கையெழுத்துப் போடு. மூணு இடத்துல."

"கோவமாடா இன்னும்?"

"வேலை நேரம்."

அவன் அக்கா கடலைச் சூப் ஊற்றித் தந்தாள். குடித்தேன். நன்றாக இருந்தது, அதற்கும் எரிச்சல். பிறகு அவன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "விளையாட்டுல உன் ஆளையே தொறந்து லைனைச் சோதிச்சுப் பாருடா. அப்பறம் லைன் சரியில்லன்னு நான் கூப்பிடக் கூடாதில்ல," என்றான்.

திறந்தேன். பிங் 39. வடக்குவாயில் காவலன் முன்னால் போய் நின்றேன். பத்து அடி. எண்பத்து மூன்று சதவீதம் தடுக்கிற கை இது. தடுத்தது இரண்டு.

"என்னடா முழிக்கிற?"

"உன் விசைப்பலகை பழக்கமில்ல."

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகுதான் விளங்கியது. விசைப்பலகை இல்லை. தாமதம் போய்விட்டது. ஆனால் என் விரல் இன்னும் தாமதத்துக்காக முன்கூட்டியே அழுத்துகிறது. கேடயம் தூக்கி, இறங்கி, அதன்பிறகு அடி வந்து விழுகிறது. கை தப்பே செய்யவில்லை. கம்பி மாறிவிட்டது.

அவன் கையும் என் கை மாதிரிதான். மூன்று வருஷம் 210இல் பழகிய கை.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வருகிறது. மினிபஸ்காரனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஞாயிறு வரை அவன் உட்கார்ந்து பயிற்சி செய்யப்போவதில்லை.

எலோய் அண்ணன் கேட்டார்: "என்னப்பா தனியாச் சிரிக்கிற?"

ஏப்ரல் 9

சொல்லவேண்டுமா? நான் அவனை ஏமாற்றினேனா? கேட்டதைக் கொடுத்தேன். கேட்டதைவிட நல்லதாகவே கொடுத்தேன். எந்த நீதிபதி இதைக் குற்றம் என்பான்?

டிசம்பரில் நான் சொன்னதை அவன் வைத்துக்கொண்டான். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு. மாலை 6:40

ஒன்பது – மூன்று.

ஆகா.

முதல் கொலையிலேயே தெரிந்துவிட்டது. என் தோள் அசைகிறது, அவன் கேடயம் தூக்குகிறான், நான் அடிக்கும்போது இறங்கியிருக்கிறது. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் சீக்கிரம். மயக்கம் போட்டுவிட்டு வலது தூணுக்கு ஓடினான், நான் இடது பக்கத்தில் நின்றேன். ஐந்தாவதுக்குப் பிறகு ஒலியில் அவன் மூச்சு கேட்டது. "என்னாச்சு எனக்கு? கை துருப்பிடிச்சிருச்சாடா?" – தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். கடைசியில் அவன் பிணத்துமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். மெதுவாக. முழு ரொட்டி.

"தோத்துட்டேன்," என்றான். நாற்பத்தோரு பேர் முன்னால்.

ஆசைப்பட்டது இதுதானே?

ஏப்ரல் 15

லிம்பெர்ட் கூப்பிட்டான். திட்டுவான் என்று எடுத்தேன். "நல்லா ஆடினடா. நான் பஸ் ஓட்டிக் கிழவனாயிட்டேன் போல. தினமும் ஒரு மணி நேரம் காவலன்கிட்ட அடி வாங்கலாம்னு இருக்கேன்." பிறகு, "மார்ச்சுல நான் செஞ்சது கொஞ்சம் அதிகம்தான்," என்றான். நான் ம் என்றேன்.

ஏப்ரல் 19

நில்டா திட்டம் அனுப்பியிருக்கிறாள்: கொச்சபம்பாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பவேண்டும். "மூணு வருஷமா முதல் சுத்துலயே மண்ணைக் கவ்வுறோம். நாலாயிரம் மீட்டர் உசரத்துல இருந்து எறங்கினா கை சூடாகி வேர்த்து வழுக்குது. இந்தத் தடவை முன்னாடியே போய் வெயிலுக்குப் பழகணும். உள்ளங்கைக்கு முகத்துக்குப் போடுற பவுடர் நான் கொண்டுவர்றேன்."

நானும் மூன்று வருஷமாக அதைத்தான் நம்பினேன். போன வருஷம் கையுறை விரலை வெட்டி மாட்டிக்கொண்டு ஆடினோம். ஆளாளுக்குப் பவுடர் பூசினோம்.

வெயில் இல்லை. அங்கே எல்லாக் கணினியும் ஒரே கூடத்தில், ஒரே கம்பியில். பிங் 2. எங்கள் ஐவர் கையும் 210க்குப் பழகியது.

இதைப் படித்தபோது சூடான ஆப்பி, ஊதாச் சோளக் கஞ்சி, கையில் இருந்தது. ஆறிப்போய் ஆடை கட்டும்வரை குடிக்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

லா செஹாவில் ஒரு கணினி விளையாட்டுக் கடை, காலை பத்துமணி. வெளியே தெருக்கடைத் தேநீர்க் குவளைகளும் மினிபஸ் ஹாரனும். ஐவரும் முதல்முறை ஒரே கம்பியில் பயிற்சி செய்யவேண்டும் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். எப்படியாவது சொல்லாமலே புரியவைத்துவிடலாம் என்று நினைத்தேன். கோழை.

ஐவர் கையும் சொதப்பியது. நில்டா தன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். "இங்க வெயிலே இல்லியேடா."

லிம்பெர்ட் தண்ணிக்காரன் கடமைக்கு நிஜமாகவே ஒரு கேன் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அதுதான் அவன் நகைச்சுவை. ஒரு கணினி காலியாக இருந்தது. "சும்மா ஒரு சுத்து?" என்றான்.

என்னை ஒன்பது – ஒன்று. பிறகு மற்ற நால்வரையும் வரிசையாக.

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போன வாரம்தான் திடீர்னு கை திரும்ப வந்துச்சு. என்னன்னே தெரியல."

"எனக்குத் தெரியும்," என்றேன்.

சொன்னேன். 214, 39, காவலனின் பத்து அடி, விசைப்பலகைப் பொய், வண்டியில் சிரித்தது. எல்லாம். நில்டா முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

லிம்பெர்ட் நாற்காலியை என் பக்கம் திருப்பினான். பிறகு: "அப்போ நீ என் லைனைக் கெடுக்கல."

"இல்ல."

"நல்லாப் போட்டுக் குடுத்துக் கவுத்திருக்க."

"ஆமா."

"நாய்ப்பயலே. மனுஷன் மூணு நாளா கண் டாக்டர்கிட்ட போகணுமான்னு யோசிச்சேன்டா!" கேனைத் தூக்கி மேஜைமேல் டம்மென்று வைத்தான். சிரிக்கிறானா கோபமா தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

நில்டாவுக்குச் சிரிப்பே இல்லை. "பதினெட்டு நாளா இது உனக்குத் தெரியும். ஏப்ரல் எட்டுல இருந்து. போட்டிக்கு இன்னும் பதினாலு நாள்தான் இருக்கு. அவன்மேல கோவம்னா அவன்கிட்ட வெச்சுக்க. எங்க நாலு பேரை ஏன்டா அதுக்குள்ள இழுத்த?"



ஏப்ரல் 27, ஞாயிறு

காவலனிடம் போகவில்லை. அந்த 83ஐ இனி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செய்யவேண்டியவை:

1. என் இடத்தை லிம்பெர்ட்டுக்குக் கொடுத்துவிட்டதாக நில்டாவுக்கு எழுதுவது. இன்றே. காரணம் எழுதத் தேவையில்லை, அவளுக்குத் தெரியும்.

2. நாளையிலிருந்து மே 7 வரை, மாலை ஐந்திலிருந்து ஏழு, லா செஹா கடையில் ஐந்து கணினி பதிவு செய்வது. நால்வரின் கேடயத்தையும் நான் அளப்பது, படம் படமாக. யாரும் கேட்காவிட்டாலும்.

3. கை முன்னால் போகாமல் நிறுத்த லிம்பெர்ட் என்ன செய்தான் என்று அவனிடம் கேட்டு எழுதிவைப்பது. கேட்பது கஷ்டம். கேட்பது.

4. விதியைத் திருத்துவது: சவால் சண்டை இனி ஒரே கூடத்தில், ஒரே கம்பியில் மட்டும்.

5. கொச்சபம்பா முடிந்த மறுநாள் லிம்பெர்ட்டைச் சவாலுக்கு இழுப்பது. அடித்து நொறுக்குவது. ஏன் தோற்றான் என்று இந்தத் தடவை அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.