திறக்காத கூரை

ஏப்ரல் 8, செவ்வாய்
காலையிலிருந்து போனில் செயலி வேலை செய்யவில்லை. ஸ்ட்ராபெர்ரிப் பசுமைக்குடிலின் கூரை ஜன்னல், தண்ணீர், எல்லாமே அதில்தான் ஓடுகிறது. செயலியைக் கொடுத்த கம்பெனிக்கு ஏழு தடவை கூப்பிட்டேன். அந்த எண்ணே இல்லையாம். இவர், "சரியாயிடும், சாப்பிடு" என்றார். முள்ளங்கி சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் போனை எடுத்தேன்.

ஏப்ரல் 9
கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊர்த்தலைவர் மா வந்து சொன்னார். ஊரில் குடில் போட்ட பதினொரு வீட்டுக்கும் இதே கதி. கையால் திறக்கலாமென்றால் கூரையை இயக்கும் பெட்டிக்குக் கடவுச்சொல் வேண்டும். "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்று அன்றைக்குச் சொல்லித்தானே கம்பெனி ஆள் யுன் அதைப் பூட்டினான்?
கதவை விரியத் திறந்தும் மதியம் உள்ளே நாற்பத்து நாலு டிகிரி. பூ காய்க்க உள்ளே விட்டிருந்த தேனீக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடக்கின்றன.

ஏப்ரல் 10
இவர் கத்தியோடு ஏணியில் ஏறினார்.
"இறங்குங்க! அறுபத்தஞ்சு வயசுல இது என்ன?"
"செடிக்கு மூச்சு முட்டுதுடி."
கூரை பிளாஸ்டிக்கை மூன்று இடத்தில் கிழித்தார். நாலாவதுக்கு எட்டினார் — ஐயோ, அந்தச் சத்தம். நான் ஏன் ஏணியை விட்டுட்டுப் போனேன்?

ஏப்ரல் 11
இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் ஆகிவிட்டது. நடப்பாரா என்றேன். டாக்டர், "பார்க்கலாம்."

ஏப்ரல் 13
யுன் தானாகவே வந்தான். சவரம் செய்யாத முகம். அவனுக்கும் வேலை போய்விட்டது. எல்லார் பெட்டியையும் திறந்துவிட்டான். எங்களுடையது கடைசி. வெந்துபோன இலைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.
"முன்னாடியே வந்திருக்கணும்மா. கம்பெனில கேஸ் போடுவாங்களோன்னு பயந்துட்டேன்."
அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அப்புறம் சோறு போட்டேன். ஏன் போட்டேன்?

ஏப்ரல் 19
பிழைத்த நாலு வரிசைச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது? ஆறு வருஷமாக செயலி சொன்னதைத்தான் செய்தோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே போச்சு? எங்கள் ஆறு வருஷ விளைச்சல் விவரத்தையும் கடற்கரைப் பக்கத்துப் பெரிய பண்ணைக்குக் கம்பெனிக்காரர்கள் விற்றுவிட்டார்களாம். ஊர்த்தலைவர் மா சொன்னார், "நம்ம தலையில இருந்ததையும் வித்துட்டானுங்க."

ஏப்ரல் 24
நாலு வரிசையும் போயிற்று.

மே 2
நேற்று செடிகளைப் பிடுங்கினேன். அந்தப் பெரிய பண்ணைக்காரர்களே குடிலை விலைக்குக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.
ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெர்ரி வாங்கி, மேலே ஒட்டியிருந்த பண்ணைப் பெயரைப் படிக்கட்டிலேயே கிழித்தெறிந்தேன். இவர் ஒன்றை மென்றார். கண் கலங்கியது.
"பாத்தியா, நம்மது சாகல."
வாயைத் துடைத்துவிட்டேன். இன்னொன்று கேட்டார். கொடுத்தேன்.