பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய அம்புகள்

8 ஜனவரி 2006, ஞாயிறு

இல்லை, நாணல் சரிவராது. பாரூர் ஏரிக்கரையில் அறுத்து வந்த கட்டு காய்ந்துவிட்டது. இரண்டு விரலால் அழுத்தினாலே நசுங்குகிறது. தைலமரக் கிளை கனம். மிச்சம் மூங்கில், சில்வர் ஓக்.

ஜெயப்ரியாவுக்கு அம்பு வேண்டும். இருவரும் ஒரே அறை, ஒரே கம்பெனி. அவள் அசெம்பிளியில் அப்ரண்டிஸ்; நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு தர ஆய்வுப் பிரிவில். பிப்ரவரி 26, கிருஷ்ணகிரியில் மாவட்ட அணித் தேர்வு. மூங்கில் வில் பிரிவு. அம்பும் மரமாகவோ மூங்கிலாகவோ இருக்க வேண்டும். கடையில் வாங்கியவை ஆளுக்கொரு திசையில் போகின்றன.

அணியில் பெயர் வந்தால் விளையாட்டுக் கோட்டாவில் கம்பெனி அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். வராவிட்டால் மார்ச் 31, அப்ரண்டிஸ் முடிந்து, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊர் ஊத்தங்கரை. அங்கே கல்யாணப் பேச்சு காத்திருக்கிறது.

அவளுக்கு எய்யத் தெரியும், செய்யப் பொறுமையில்லை. எனக்கு நேர்மாறு.

15 ஜனவரி

பொங்கல் விடுமுறை. ராயக்கோட்டை சாலையில் ஏணி விற்கும் வெங்கடப்பனிடம் உள்ளே துளையில்லாத கல்மூங்கில் வாங்கினோம்.

"அம்புக்கா? யாருக்கும்மா, ராமருக்கா?"

"இல்லண்ணா, சூர்ப்பனகைக்கு" என்றாள் ஜெயப்ரியா.

அவர் சிரித்து முடித்து, அதைத் தெலுங்கில் மனைவிக்குச் சொல்லி, மறுபடி சிரித்தார். தேய்பிறையில் வெட்டியதாம், பூச்சி விழாதாம்.

பிளப்பது விசித்திரமான வேலை. கத்தி நான் நினைத்த வழியில் போகவில்லை. நார் போகிற வழியில் போயிற்று. எல்லாக் குச்சியும் கொஞ்சம் கொஞ்சம் கோணல். பரணில், நிழலில் காயப் போட்டேன். நம்பிக்கையில்லை.

29 ஜனவரி

சூளகிரி மர மில்லில் சில்வர் ஓக் பலகை. அங்கேயே சதுரக் குச்சிகளாக அறுத்துத் தந்தார்கள். எங்கள் கம்பெனி டூல் ரூம் முத்துமணி மதிய இடைவேளைகளில் லேத்தில் கடைந்து தருகிறேன் என்றார்.

9 பிப்ரவரி

கடைந்த ஓக் குச்சிகள் பன்னிரண்டும் வந்துவிட்டன. ஆய்வு மேசையில் ஒவ்வொன்றையும் உருட்டி, கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஊசி அசையவே இல்லை என்று சொல்லலாம். "எஞ்சின் பார்ட்டுக்கே இவ்வளவு பாக்க மாட்டீங்க மேடம்" என்றார் முத்துமணி. பழக்கதோஷம் — தேறியதற்கு ஒட்டும் பச்சை ஸ்டிக்கரை வால்பக்கம் ஒட்டினேன். பிறகு இறகு, முனை.

12 பிப்ரவரி

மைதானம். "பாத்தியாடி சத்யா, ஆணி அடிச்ச மாதிரி!" அடுத்தடுத்து இலக்கின் நடு மஞ்சளில். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

19 பிப்ரவரி

ஓர் அம்பு இலக்குக்குக் கீழே போய்க் கல்லில் பட்டு உடைந்தது. சாதாரணம். ஆனால் உடைந்த விதம் — குறுக்கே இல்லை. நாலு விரல் நீளத்துக்குச் சாய்வாக, சீவிய பேனா போல.

அறைக்கு வந்து மற்றவற்றை ஈரத்துணியால் துடைத்தேன். மரத்தின் நார் ஓடும் ரேகை தெரிந்தது. எதிலும் வாலிலிருந்து முனைவரை ஓடவில்லை. பாதியில் பக்கவாட்டில் வெளியேறுகிறது. ரம்பம் மரத்தைக் கேட்காமல் நேராக அறுத்திருக்கிறது. லேத் அதை உருட்டி மறைத்திருக்கிறது. நான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

மெல்ல வளைத்துப் பார்த்தேன். இரண்டு விரிசல் விட்டன. ஒன்பது விடவில்லை.

நாண் விடும்போது உடைந்தால் பின்பாதி எங்கே போகும்? வில் பிடித்த கைக்குள்.

20 பிப்ரவரி

"ஒம்பது நல்லாத்தானே இருக்குது? எனக்கு ஆறு போதும்."

"ரேகையப் பாருடி."

"ரேகை பாக்க நான் என்ன ஜோசியக்காரியா? நான் பாக்கறது குறி."

"கைல ஏறுனா?"

"ஏறட்டும். எங் கை. மார்ச் முப்பத்தொண்ணாந்தேதி பொட்டியத் தூக்கிட்டுப் போவப்போறது நீயா நானா?"

அவள் இரண்டாம் ஷிப்டுக்குப் போனாள்.

ஒன்பதையும் முழங்காலில் வைத்து உடைத்தேன். எட்டு உடைந்தன, எல்லாம் சாய்வாக. ஒன்று உடையவே இல்லை. முழங்கால் கன்றிப்போயிற்று. அதை ரம்பத்தால் அறுத்தேன்.

அறுத்திருக்க வேண்டுமா? அவள் கைக்காகவா, நான் தேறியது என்று சொன்ன ஒன்று அவள் கையில் ஏறக்கூடாது என்பதற்காகவா? இரண்டும் ஒன்றில்லை. தெரியும்.

21 பிப்ரவரி

அவள் துண்டுகளைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

24 பிப்ரவரி

மூங்கில் குச்சிகளைப் பரணிலிருந்து இறக்கினேன். அடுப்புத் தணலில் காட்டி, கோணல் உள்ள இடத்தை எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். விரல் நுனிகள் சுட்டுவிட்டன. கணு தேய்த்து, வழவழப்பாக்கி, இறகு கட்டினேன். ஆறு தேறின. எடை ஒன்றுபோல் இல்லை. வளைத்தால் வளைந்து திரும்புகின்றன. ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

அவள் கட்டில் மேல் வைத்தேன்.

26 பிப்ரவரி

எடுத்துக்கொண்டாள்.

நான்காவது இடம். மூன்று பேரை எடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. ஒரு கீறல் இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் கேட்ட அந்த ஆறு ஓக் அம்பும் உடையாமலே போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்.

31 மார்ச்

பெட்டியை நான் தூக்க வந்தேன். "விடுடி" என்றாள். பெட்டியையும் வில்லையும் தானே எடுத்துக்கொண்டாள். மூங்கில் அம்புகள் கட்டிலுக்கடியில் கிடக்கும் என்று பார்த்தால், இல்லை.

2 மே

அறைக்குப் புதிதாக வந்த பெண் ஜெயப்ரியாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

18 ஜூன், ஞாயிறு

காலையில் வீட்டுக்கார அம்மாவின் போனில் ஜெயப்ரியாவின் அழைப்பு. "ஊத்தங்கரை பஸ்ஸுல ஒரு கட்டு குடுத்துவுட்டிருக்கேன். வாங்கிக்க. அடுத்த தேர்வு டிசம்பர்லயாம்." கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது கெடக்குது" என்றாள். அவள் போட்ட காசு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "முள்ளம்பன்றியா கட்டி அனுப்பியிருக்குது அந்தப் பொண்ணு. சீட்ல ரெண்டு பேரு வேட்டி கிழிஞ்சுது" என்று சொல்லி இறக்கிக் கொடுத்தார்.

சாக்கைப் பிரித்தேன். கல்மூங்கில், பச்சை வாசனையோடு. எல்லாம் கத்தியால் பிளந்தவை. ரம்பத் தடம் ஒன்றில்கூட இல்லை. காலண்டரைப் பார்த்தேன்: தேய்பிறை.

முற்றிலும் நேரான குச்சி ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துவிட்டு, பரணைத் துடைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிவைத்தேன்.