சுண்ணாம்பு ஊற்றிய கிணறு

என் ஆசைத் தம்பி மாணிக்கம்,

தை அறுப்பு முடிந்துவிட்டது. இந்த வருஷம் கூலிப் பேச்சு திருவாரூரிலேயே முடிந்து, போலீஸ் வேன் ஊருக்குள் வரவில்லை. இதைச் சொல்ல வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ இறந்த வருஷம் இப்படியா இருந்தது? ஆட்சி மாறியும் கூலி ஏறவில்லை என்று நாம் அரிவாளைக் கீழே வைத்திருந்தோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார். கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. முடித்தும் வேலை கிடைக்காத நீ எங்களோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாய். அப்போதுதான் களத்துமேட்டிலிருந்து அலறல் கேட்டது. தண்ணீரில்லாத பாழுங்கிணற்றில் தவறி விழுந்த வாளியை எடுக்க இறங்கிய வெளியூர்க்காரன் உள்ளே மயங்கிக் கிடந்தான்.

"நம்ம வயித்துல அடிக்க வந்தவன். நமக்கென்ன?" என்றார்கள் நம் ஆட்கள். நீ ஓடினாய். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினாய். பாதியிலேயே அணைந்துபோனது.

"கரியமில வாயுக்கா. வைக்கோல் மக்கி அடியில தேங்கியிருக்கு. அது அமில ஆக்ஸைடு, சுண்ணாம்பு காரம். கரைச்சு ஊத்தினா வாயுவை இழுத்துக்கும்."

மிராசுதார் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்து, அவன் மேல் படாமல் சுவரோரமாகக் குடம் குடமாக ஊற்றினோம். மறுபடி இறக்கிய விளக்கு அணையவில்லை. ஆனால் சுடர் சுருங்கி நடுங்கியது.

"இன்னும் ரெண்டு குடம் ஊத்தட்டும்டா, பொறு."

"அந்த ஆளு பொறுப்பானாக்கா?"

இருந்தது ஒரே கயிறு. இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாய். அதை அவிழ்த்து அவனுக்குக் கட்டினாய். அவன் மேலே வந்து இருமினான். கயிற்றைத் திரும்பப் போட்டோம். நீ பிடிக்கவில்லை.

காற்று முழுசாகத் தெளியவில்லை என்று எங்கள் எல்லாரையும்விட உனக்குத்தானே தெரியும்? தெரிந்துமா அவிழ்த்தாய்?

சங்கத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது உன் பெயர் வருவதில்லை. கருங்காலிக்காகச் செத்தவனாம். மிராசுதார் வீட்டிலும் பேச்சில்லை. உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேச இந்த ஊரில் எனக்கு ஆளில்லையடா.

போன வாரம் நீ காப்பாற்றிய அந்த வெளியூர்க்காரன் வந்தான், மனைவியோடு. "உங்க தம்பி என்னங்க படிச்சாரு?" என்று கேட்டான். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். அவள் நிறைமாசம். "எங்களோட வந்துடுங்கக்கா" என்று என் கையைப் பிடித்தாள். நான் போகவில்லை.

வருகிற ஞாயிறு சங்கக் கூட்டம். பெயர்களை வாசித்து முடித்ததும் எழுந்து உன் பெயரைச் சொல்வேன். கூடச் சொல்ல ஒரு குரல் வராவிட்டாலும், சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அஞ்சலை அக்கா